கேள்வித்தாளுக்கு மவுஸால் படம் வரைய எது சரி? பெயின்ட், வேர்ட், லிப்ரெஆபிஸ் டிரா, இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா

"ஒரு வட்டம், வெளியே ஒரு புள்ளி, ரெண்டு தொடுகோடு. பெயின்ட்ல போட்டா போதுமா, வேர்டுலயே வரைஞ்சுடலாமா, இல்ல ஏதாவது புதுசா இறக்கணுமா?" காலாண்டு, அரையாண்டு நெருங்கினால் கணக்கு ஆசிரியர்களிடமிருந்து இந்தக் கேள்வி கட்டாயம் வரும். அறிவியல்காரர்கள் தொடுகோட்டுக்குப் பதில் மின்சுற்று கேட்பார்கள், கணினி அறிவியல்காரர்கள் பாய்வுப்படம் கேட்பார்கள். மற்றபடி சிக்கல் ஒன்றுதான்: கையில் இருப்பது ஒரு மவுஸ், நேரம் ஒரு மாலை, மறுநாள் காலை தாள் ரிசோவுக்கு, அதாவது மொத்தமாக நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் போயாக வேண்டும்.

பொத்தாம்பொதுவாக "எது பெஸ்ட்" என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. என்ன படம், யார் அச்சடிக்கப் போகிறார்கள், அடுத்த வருடம் அதே ஃபைலை மறுபடி திறப்பீர்களா என்று சொன்னால் பதில் உண்டு. அதனால் எதை வைத்து எடைபோடுவது என்பதை முதலில் பேசிவிடுவோம்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

விரலை எடுத்தபின் வட்டம் என்ன ஆகிறது? எனக்கு இதுதான் முதல் அளவுகோல், மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான். மவுஸை அழுத்தி இழுக்கும்போது எல்லா மென்பொருளும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும், வட்டம் உங்கள் கையோடு விரிந்து சுருங்கும். விரலை எடுத்தபின்தான் வித்தியாசம். பெயின்டில் கொஞ்ச நேரத்தில் அது வெறும் பிக்சல்களாகத் தாளோடு ஒட்டிவிடும், அதன்பிறகு அங்கே ஒரு வட்டம் இருந்தது என்பதே கணினிக்குத் தெரியாது. மற்ற நான்கிலும் வட்டம் வட்டமாகவே இருக்கும். நாளைக்குத் திறந்து கிளிக் செய்து பிடிக்கலாம், நகர்த்தலாம், கோட்டின் தடிமனை மாற்றலாம். வெக்டர் என்று சொல்வது இதைத்தான்.

அளவு துல்லியமாக இருக்க வேண்டுமா? "படத்தில் உள்ள கோணத்தை அளந்து எழுதுக" என்ற கேள்வி என்றால் அளவு சரியாக இருந்தே ஆக வேண்டும். "படத்தில் எக்ஸின் மதிப்பு காண்க" என்றால் கண்ணுக்கு நெருடாமல் இருந்தால் போதும்.

அச்சில் எப்படி வரும்? திரையில் அழகாக இருப்பது ஒரு பொருட்டே கிடையாது. ரிசோவில் ஓடி, அல்லது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, கடைசி பெஞ்ச் மாணவன் கைக்குப் போகும் தாளில் கோடு தெரிய வேண்டும். கால் பாயின்ட் தடிமனில் போட்ட மெல்லிய கோடு பாதி வழியில் காணாமல் போகும். முக்கால் முதல் 1 பாயின்ட் வரை வைத்தால் நிம்மதி. சாம்பல் நிறத்தால் நிரப்பியது புள்ளிப் புள்ளியாகவோ ஒரேயடியாகக் கறுப்பாகவோ வரும், அதனால் நிழலிட வேண்டிய பகுதிக்குச் சாய்கோடுகளே பாதுகாப்பு.

தமிழ் எழுத்து. ஏ, பி, சி என்று மூன்று எழுத்துதான் வேண்டும் என்றால் பிரச்சினையே இல்லை. "படுகதிர்", "எதிரொளித்த கதிர்" என்று பெயர் குறிக்க வேண்டும் என்றால் பிரச்சினை உண்டு. பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு இன்னும் ஒரு படி கூட: அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஃபைலைத் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பை நிற்கும்.

கைமாறும்போது. உங்கள் கணினியில் திறப்பது பெரிய விஷயமில்லை. தலைமையாசிரியர் அறையில் உள்ள பழைய கணினி, பக்கத்துத் தெரு டிடிபி சென்டர், பிரஸ் எல்லா இடத்திலும் அது திறந்தாக வேண்டும்.

விலையை நான் தனி அளவுகோலாக வைக்கவில்லை. ஐந்தில் வேர்ட் மட்டும்தான் காசு, அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே கணினியில் இருக்கும். மற்றவற்றுக்கு நீங்கள் கொடுக்கும் விலை கற்றுக்கொள்ளும் நேரம்தான்.

| | பெயின்ட் | வேர்ட் | டிரா | இங்க்ஸ்கேப் | ஜியோஜீப்ரா |
|---|---|---|---|---|---|
| வரைந்ததை மறுநாள் திருத்த | முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள் | முடியும் | முடியும் | முடியும் | முடியும், சார்ந்த கோடுகளும் சேர்ந்து நகரும் |
| துல்லிய அளவு | பிக்சல் கணக்குப் போட வேண்டும் | அகலம், உயரம் சென்டிமீட்டரில் கொடுக்கலாம் | இடம், அளவு, கோணம் எல்லாம் கொடுக்கலாம் | மில்லிமீட்டரில் கொடுக்கலாம் | வடிவியலுக்கு இதுவே துல்லியம் |
| அச்சு | கவனமில்லாவிட்டால் பல்லுப் பல்லாக வரும் | நன்று | நன்று | மிக நன்று | நன்று, ஏற்றுமதி சரியாக இருந்தால் |
| தமிழ் பெயர்க்குறிப்பு | வரும், பிறகு திருத்த முடியாது | எளிது | எழுத்துருவை வேறு இடத்தில் மாற்ற வேண்டும் | எளிது | வரும், அலங்கரிக்க வசதி குறைவு |
| பிறர் கணினியில் | எங்கும் திறக்கும் | வேர்ட் உள்ள இடத்தில் | பிடிஎஃப் ஆக்கிக் கொடுப்பது மேல் | பிடிஎஃப் அல்லது பிஎன்ஜி ஆக்க வேண்டும் | படமாக ஏற்றுமதி செய்ய வேண்டும் |
| பழக | சில நிமிடம் | ஒரு மணி நேரம் | ஒரு மாலை | ஒரு வாரம் | ஒரு மாலை |

கடைசி வரிசை என் மதிப்பீடு. மற்ற மென்பொருளில் பழக்கம் உள்ளவருக்கு இது பாதியாகும்.

## மைக்ரோசாஃப்ட் பெயின்ட்

1985இல் விண்டோஸின் முதல் பதிப்போடு வந்தது. 2017இல் இதை மைக்ரோசாஃப்ட் கைவிடப்போகும் பட்டியலில் சேர்த்தபோது உலகம் முழுக்க ஒரே கூச்சல், அப்புறம் ஸ்டோரில் கிடைக்கும் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினார்கள். 2023இல் விண்டோஸ் 11 பெயின்டில் அடுக்குகள் கூட வந்துவிட்டன. ஆக, அது எங்கும் போகவில்லை. அதைப் பழகியவர்களும் எங்கும் போகப்போவதில்லை.

ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு இழுத்தால் நீள்வட்டம் வட்டமாகும், செவ்வகம் சதுரமாகும், கோடு நேராகவோ 45 டிகிரியிலோ நிற்கும். விரலை எடுத்ததும் வடிவத்தைச் சுற்றி ஒரு புள்ளிக்கோட்டுப் பெட்டி தெரியும். அது தெரியும் வரைதான் உங்கள் ஆட்சி: அளவு, இடம், கோட்டு நிறம், தடிமன் எல்லாவற்றையும் அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். வெளியே ஒரு கிளிக், அவ்வளவுதான், ஒட்டிவிட்டது. எழுத்துப் பெட்டியும் அப்படியே. "விட்டம்" என்பதை "வட்டம்" என்று அடித்துவிட்டு வெளியே கிளிக் செய்தால் அழித்து மறுபடி எழுத வேண்டியதுதான், அழிக்கும்போது பக்கத்தில் இருக்கும் கோடும் கொஞ்சம் போகும்.

இதன் மறைமுகச் செலவு அச்சில் தெரியும். பெயின்டைத் திறந்தவுடன் கிடைக்கும் பரப்பில் ஒரு மூலையில் 300 பிக்சல் அகலத்துக்கு வட்டம் போட்டு, அதை வேர்டில் ஒட்டி 5 சென்டிமீட்டருக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 150 பிக்சல்தான் தேறும், வளைவில் படிக்கட்டு தெரியும். 10 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சாக வேண்டிய படத்துக்கு 1200 பிக்சல் அகலமான பரப்பை முதலிலேயே அமைத்துக்கொள்ளுங்கள், அங்குலத்துக்கு 300 வந்துவிடும். ஆனால் அப்படிச் செய்ததும் வேறு இரண்டு கணக்கு மாறும், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, 1 பாயின்ட் கோடு வேண்டும் என்றால் பெயின்டில் 4 பிக்சல் தடிமன் வைக்க வேண்டும். இரண்டு, எழுத்தளவு 12 என்று வைத்தால் அச்சில் படிக்கவே முடியாது, 36 வரை ஏற்றினால்தான் தாளில் 11 பாயின்ட் மாதிரி தெரியும்.

சேமிக்கும்போது ஜேபெக் வேண்டாம், கறுப்புக் கோட்டைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி வரும். பிஎன்ஜி போதும். அதை வாட்ஸாப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது சுருக்கித்தான் அனுப்பும். வேர்டுக்கும் இந்தச் சுருக்கும் புத்தி உண்டு: சேமிக்கும்போது படங்களை அங்குலத்துக்கு 220 பிக்சலாகக் குறைப்பதுதான் அதன் வழக்கமான அமைப்பு, மேம்பட்ட விருப்பங்களில் போய் அதை நிறுத்தலாம்.

பெயின்டுக்கு ஒரு பெருமை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் பிக்சலாகிவிடுவதால் எழுத்துரு இல்லை, பதிப்பு ஒத்துப்போகவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. பாமினியில் அடித்த தமிழும் எந்தக் கணினியிலும் அப்படியே தெரியும். ஒரே ஒரு எளிய படம், ஒருமுறைதான் பயன்படும், அரை மணி நேரத்தில் வேண்டும் என்றால் யோசிக்காமல் பெயின்டைத் திறக்கலாம். இரண்டாவது படத்திலும் அதே வட்டம் கொஞ்சம் மாறி வருகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வேறிடம் போய்விடுங்கள்.

## வேர்ட்

கேள்வித்தாளே வேர்டில்தான் இருக்கிறது, படத்தையும் அங்கேயே வரைந்துவிட்டால் வேலை மிச்சம். நியாயமான வாதம், பாதித் தாள்களுக்கு இது போதும். ஷிஃப்டோடு இழுத்தால் சரியான வட்டம், கன்ட்ரோலோடு இழுத்தால் நீங்கள் கிளிக் செய்த இடத்தை மையமாக வைத்து விரியும். வரைந்தபின் அளவுப் பெட்டியில் 6 சென்டிமீட்டர், 6 சென்டிமீட்டர் என்று கொடுத்தால் ஆரம் 3 சென்டிமீட்டர், முடிந்தது.

முதல் வடிவம் வழக்கம்போல நீல நிறம் நிரம்பித்தான் வரும். நிரப்பு வேண்டாம், கறுப்புக் கோடு, 1 பாயின்ட் என்று மாற்றிவிட்டு, வலது கிளிக்கில் இதையே இயல்பு வடிவமாக வைக்கச் சொல்லும் கட்டளை இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டால் அந்த ஃபைலில் அதன்பின் போடும் வடிவமெல்லாம் அப்படியே வரும். பத்துக் கோடு வரிசையாகப் போட வேண்டுமென்றால் கோட்டுக் கருவியின்மேல் வலது கிளிக் செய்து வரையும் நிலையைப் பூட்டலாம், ஒவ்வொரு கோட்டுக்கும் மெனுவுக்கு ஓட வேண்டாம்.

சரி, வில்லங்கம் எங்கே? வடிவங்கள் எழுத்துக்கு மேலே மிதக்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பத்தியில் நங்கூரமிட்டிருக்கும். முதல் பக்கத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தால் மூன்றாம் பக்கத்தில் முக்கோணம் ஒரு பக்கமும் அதன் உச்சிப் பெயர்கள் இன்னொரு பக்கமும் போய் நிற்கும். தேர்வுக்கு முந்தைய இரவு இதைச் சரிசெய்து உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும். தப்பிக்க வழி உண்டு: வடிவங்கள் மெனுவின் அடியில் புதிய வரைபரப்பு என்று ஒன்று இருக்கிறது, முதலில் அதைச் செருகி, அதற்குள்ளேயே எல்லாவற்றையும் வரைந்து, அந்தப் பரப்பை எழுத்தோடு ஒரே வரியில் நிற்கும்படி அமைத்துவிட்டால் முழுப் படமும் ஒரு எழுத்து மாதிரி பத்தியோடு நகரும். இணைப்புக்கோடுகள் வடிவத்தோடு ஒட்டிக்கொள்வதும் வேர்டில் இந்தப் பரப்புக்குள் மட்டும்தான். இத்தனை உபயோகமான ஒன்றை மெனுவின் கடைசியில் ஒளித்து வைத்திருப்பது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வரைபரப்பு பிடிக்கவில்லை என்றால் பவர்பாயின்டில் வரைந்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் குழுவாக்கி, வேர்டுக்குக் கொண்டுவருவது நல்ல குறுக்கு வழி. ஸ்லைடில் எதுவும் தானாக ஓடாது, இணைப்புக்கோடு தடையில்லாமல் ஒட்டும். வடிவங்களை ஒன்றோடொன்று சேர்க்கவும் வெட்டவும் வசதி அங்கே இருக்கிறது, வேர்டில் கிடையாது. வென்படம் வரைபவர்களுக்கு அது ஒன்றே போதும்: இரண்டு வட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்து வெட்டுப்பகுதிக்கு மட்டும் சாய்கோடு போட்டுவிடலாம்.

வேர்ட் சரிப்படாத இடம், அளவும் கோணமும் கலந்த வடிவியல். பக்கங்கள் 5, 6, 7 சென்டிமீட்டர் கொண்ட முக்கோணத்தை மவுஸால் இழுத்து இழுத்துச் சரிசெய்வது நேர விரயம். அதேபோல, அந்தப் பக்கம் திறப்பவர் லிப்ரெஆபிஸ் வைத்திருந்தால் படம் கலைய வாய்ப்பு உண்டு, பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிடுங்கள்.

## லிப்ரெஆபிஸ் டிரா

லிப்ரெஆபிஸ் 2010இல் ஓப்பன்ஆபிஸிலிருந்து பிரிந்து வந்தது. ரைட்டரை எல்லோருக்கும் தெரியும், அதே தொகுப்பில் டிரா என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. நியாயமாகப் பார்த்தால் பள்ளி வேலைக்கு இது வேர்டைவிடப் பொருத்தம்.

இங்கே ஷிஃப்ட் வட்டமாக்கும், ஆல்ட் மையத்திலிருந்து விரிக்கும். சில லினக்ஸ் டெஸ்க்டாப்களில் ஆல்ட்டோடு இழுத்தால் ஜன்னலே நகரும், அங்கே அந்த வசதியை மறந்துவிட வேண்டியதுதான். கருவியை இரட்டைக் கிளிக் செய்தால் அது கையிலேயே நிற்கும், தொடர்ந்து வரையலாம். எஃப்4 அழுத்தினால் இடம், அளவு, சுழற்சி மூன்றும் ஒரே பெட்டியில். நீளத்தை இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே எண்ணோடு காட்டும் அளவுக்கோடு என்று தனிக் கருவியே இருக்கிறது, "5 செ.மீ." என்று கையால் எழுதி இரண்டு பக்கமும் அம்பு போடுவதெல்லாம் வேண்டாம்.

இதன் பலம் இணைப்புக்கோடுகள். பாய்வுப்படம், உணவுச் சங்கிலி, நீர்ச்சுழற்சி மாதிரிப் படங்களில் ஒரு பெட்டியை நகர்த்தினால் அதோடு ஒட்டிய அம்புகள் எல்லாம் கூடவே வளைந்து வரும். மின்சுற்று வரைபவர்கள் மின்கலம், மின்தடை, சாவி மூன்றையும் ஒருமுறை பொறுமையாக வரைந்து கேலரி என்ற வடிவச் சேமிப்பில் போட்டு வைத்தால் அடுத்த தேர்விலிருந்து இழுத்துப் போட்டால் போதும். முதல் மாலை செலவாகும், அடுத்த மூன்று வருடத்துக்கு அந்த வேலை மிச்சம்.

தமிழ் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு, புதிதாக வருபவர் எல்லாரும் இதில் மாட்டுவார்கள். லிப்ரெஆபிஸ் தமிழை மேற்கத்திய எழுத்தாக எடுத்துக்கொள்ளாது, சிக்கலான எழுத்தமைப்பு என்று தனி வகையில் வைத்திருக்கும், அதற்கு எழுத்துருவும் அளவும் தனி. மேலே ஆங்கிலத்துக்கு 14 வைத்துவிட்டுத் தமிழ் ஏன் மாறவில்லை என்று திட்டிப் பயனில்லை. மொழி அமைப்பில் அந்த வகையை இயக்கிவிட்டு, எழுத்துருப் பெட்டியில் அதற்கான பகுதியில் மாற்ற வேண்டும். யுனிகோடு தமிழ் என்றால் அதன்பின் ஒரு குறையும் இல்லை.

வளைவு அதிகமுள்ள படங்களில் டிரா தடுமாறும். இதயத்தின் நீள்வெட்டுத் தோற்றத்தை இதில் வரையலாம்தான், கை நோகும்.

## இங்க்ஸ்கேப்

2003இல் சோடிபோடி என்ற பழைய மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, 1.0 என்ற எண்ணைத் தொட 2020 ஆகிவிட்டது. அவசரப்படாத கூட்டம். படத்தைச் சேமிப்பது எஸ்விஜி வடிவில், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கோடாகவே இருக்கும்.

முதலில் உங்களைக் குழப்புவது கீக்கள்தான். மற்ற இடங்களில் ஷிஃப்ட் செய்த வேலையை இங்கே கன்ட்ரோல் செய்யும், ஷிஃப்ட் அழுத்தினால் மையத்திலிருந்து விரியும். பெயின்டில் பழகிய கை முதல் வாரம் முழுக்கத் தப்பாகவே போகும். எல்லா மென்பொருளுக்கும் பொதுவான ஒன்று: மவுஸ் பட்டனை முதலில் விடுங்கள், கீயை அப்புறம் விடுங்கள். மாற்றி விட்டால் கடைசி நொடியில் வட்டம் முட்டையாகும்.

கற்றபின் கிடைப்பது நிறைய. வட்டத்தில் ஒரு சின்ன உருண்டைப் பிடி இருக்கும், அதைப் பிடித்து வட்டத்துக்கு வெளிப்பக்கமாக இழுத்தால் வட்டக்கோணப்பகுதி கிடைக்கும், உட்பக்கமாக இழுத்தால் வெறும் வில் கிடைக்கும். வட்டக்கோணப்பகுதிப் படங்களை இப்படிச் சட்டென்று போட்டுவிடலாம். பேனாக் கருவியில் கன்ட்ரோலை அழுத்தினால் கோடு 15 டிகிரி படிகளில் நிற்கும், 30, 45, 60 எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வரும். 2023இல் வந்த 1.3 பதிப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் வடிவங்களின் மேல் மவுஸை இழுத்தே சேர்க்கவும் நீக்கவும் ஒரு கருவி இருக்கிறது.

உயிரியல் படங்களுக்கு என் சிபாரிசு இதுதான், அதற்கு வேறு போட்டி இல்லை. மவுஸைப் பென்சில் மாதிரிப் பிடித்து இலையையோ சிறுநீரகத்தையோ வரைய முயல வேண்டாம், எவருக்கும் வராது. உங்கள் நோட்டில் கையால் வரைந்ததை மொபைலில் படமெடுத்து, அடி அடுக்கில் வைத்துப் பூட்டிவிட்டு, மேலே பேனாக் கருவியால் வளைவு திரும்பும் இடங்களில் மட்டும் கிளிக் செய்து இழுத்துக்கொண்டே போங்கள். புள்ளிகள் குறைவாக இருந்தால் வளைவு அழகாக வரும், ஆர்வத்தில் பத்து மில்லிமீட்டருக்கு ஐந்து புள்ளி வைத்தால் நெளிந்து போகும்.

இனி மறைமுகச் செலவு. எஸ்விஜியை நேரடியாக ஏற்பது ஆபிஸ் 2019, 365 மாதிரிப் புதிய பதிப்புகள். 2010 வைத்திருக்கும் அலுவலகத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்து கொடுக்க வேண்டும், எந்தப் பகுதியை ஏற்றுமதி செய்கிறோம், முழுப் பக்கமா படம் மட்டுமா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்துரு அந்தப் பக்கம் இருக்குமா என்று சந்தேகம் வந்தால் எழுத்தைப் பாதையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிடலாம். ஆனால் அதன்பின் அது எழுத்தில்லை, திருத்த முடியாது. மாற்றாத பிரதி ஒன்று தனியாக இருக்கட்டும்.

வருடத்துக்கு நான்கு படம் வரைபவருக்கு இங்க்ஸ்கேப் தேவையில்லை, ஒவ்வொரு முறையும் மறந்துபோய் முதலிலிருந்து தொடங்குவார்.

## ஜியோஜீப்ரா

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் தன் முதுகலை ஆய்வுக்காக 2001இல் தொடங்கியது. நம் மாநிலக் கணக்குப் பாடநூல்களில் இணையச் செயல்பாடு என்று வரும் பக்கங்கள் இதைத்தான் காட்டுகின்றன, எனவே பெயர் புதிதாக இருக்காது. வகுப்பில் காட்ட மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், கேள்வித்தாள் படத்துக்கும் இதுவே சரியான ஆள்.

மற்ற நான்கில் நீங்கள் உருவத்தை வரைகிறீர்கள். இதில் உறவுகளைச் சொல்கிறீர்கள். மையத்தில் ஒரு கிளிக், ஆரம் 3 என்று கொடுத்தால் வட்டம். வெளியே ஒரு புள்ளி. தொடுகோட்டுக் கருவியை எடுத்து அந்தப் புள்ளியையும் வட்டத்தையும் கிளிக் செய்தால் இரண்டு தொடுகோடும் வந்து நிற்கும், உண்மையிலேயே தொடும். வேர்டில் கண்ணால் பார்த்து ஒட்டவைத்த தொடுகோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒன்று வட்டத்தை வெட்டியிருக்கும், இல்லை தொடாமலே நிற்கும். இங்கே வெளிப்புள்ளியைப் பிடித்து இழுத்தால் தொடுகோடுகளும் கூடவே திரும்பும். ஏ செட், பி செட் என்று இரண்டு தாள் தயாரிப்பவருக்கு ஒரு இழுப்பில் அடுத்த படம் தயார், அதுவும் கணக்கு பிசகாமல்.

அளந்து பார்க்கும் கேள்விகளுக்கு இன்னொரு வசதி. கணினியில் நிறுவும் கிளாசிக் 5 பதிப்பில் படத்தை ஏற்றுமதி செய்யும்போது திரையின் ஓர் அலகு தாளில் எத்தனை சென்டிமீட்டர் என்று கொடுக்கலாம். 1க்கு 1 கொடுத்தால் 3 அலகு ஆரம் தாளில் 3 சென்டிமீட்டராக வரும். ஆனால் பிரின்ட் கொடுக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற அமைப்பு இருந்தால் எல்லாம் வீண், உண்மை அளவு 100 சதவீதம் என்று மாற்றுங்கள். ரிசோ போடுபவரிடமும் சுருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஓரத்தில் இடம் விடுவதற்காக 95 சதவீதத்தில் வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படி வந்தால் 6 சென்டிமீட்டர் பக்கம் 5.7 ஆகும், மதிப்பெண் போடும்போது தெரியும்.

குறை என்றால், அச்சுக்கு ஏற்ற தோற்றத்தை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். எக்ஸ், ஒய் அச்சுகள், கட்டங்கள், நீலப் புள்ளிகள் எல்லாவற்றையும் மறைத்து, கோட்டைக் கறுப்பாக்கி, பெயர்க்குறிப்பு கோட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தால் நகர்த்த வேண்டும். தமிழில் நீளமான குறிப்புகளை இங்கே எழுதாமல் பிறகு சேர்த்துக்கொள்வது நல்லது. இலவசம் என்பது வணிகமல்லாத பயன்பாட்டுக்கு. விற்பனைக்கு வழிகாட்டி நூல் போடுபவர்கள் உரிம நிபந்தனையை ஒருமுறை படித்துவிடுங்கள். மின்சுற்றுக்கும் பாய்வுப்படத்துக்கும் இதன் பக்கம் வர வேண்டாம்.

## ஒன்றே போதுமா?

பெரும்பாலானவர்களுக்கு இரண்டு போதும். கணக்கு ஆசிரியருக்கு ஜியோஜீப்ராவும் வேர்டும்: வடிவத்தை அங்கே வரைந்து ஏற்றுமதி செய்து, தமிழ்க் குறிப்பை வேர்டில் வரைபரப்புக்குள் வைத்துவிடலாம். இயற்பியல், கணினி அறிவியல் என்றால் டிரா ஒன்றே போதும். உயிரியலுக்கு இங்க்ஸ்கேப், வேறு வழியில்லை, அந்த ஒரு வாரத்தைக் கோடை விடுமுறையில் கொடுத்துவிடுங்கள். டிடிபி சென்டர் நடத்துபவருக்கு இங்க்ஸ்கேப்பும் டிராவும் இரண்டுமே தெரிந்திருக்க வேண்டும், யார் எந்த வடிவத்தில் ஃபைல் கொண்டுவருவார் என்று சொல்ல முடியாது.

ஜிம்பை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். அது புகைப்படம் திருத்துவதற்கு அருமையானது, ஒரு வட்டம் போடுவதற்கு நீள்வட்டமாகத் தெரிவு செய்து, அந்தத் தெரிவின் விளிம்புக்குக் கோடு போடச் சொல்லி, இப்படிச் சுற்ற வேண்டியிருக்கும். கேள்வித்தாளுக்கு அது தேவையில்லை.

மடிக்கணினியின் தொடுபலகையில் இதையெல்லாம் செய்ய முயல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அழுத்திப் பிடித்துக்கொண்டே இழுப்பதும் அதே நேரம் ஷிஃப்ட் அழுத்துவதும் தொடுபலகையில் எரிச்சலான வேலை. சாதாரணமான ஒயர் மவுஸ் ஒன்றை வாங்கிச் செருகினால் பாதிப் புகார் நின்றுவிடும்.

எதில் வரைந்தாலும் திருத்தக்கூடிய மூல ஃபைலைப் பிஎன்ஜிக்குப் பக்கத்திலேயே, அதே பெயரில், வகுப்பும் பாடமும் வருடமும் சேர்த்து வையுங்கள், "10-கணக்கு-தொடுகோடு-2025" என்பதுபோல. பெயின்டில் வரைந்தவர்களுக்கு இந்த ஆலோசனை பொருந்தாது, அவர்களிடம் இருப்பது அந்தப் பிஎன்ஜி மட்டும்தான்.